செகண்ட் டிரம்பெட்

உள்ள வாங்க சார். செருப்ப வெளிய விடாதீங்க, உள்ள கொண்டாந்து கதவுப் பக்கத்துல வைங்க. இந்த லைன்ல யாரையும் நம்பறதுக்கில்ல. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க, உங்க முகம் எனக்குத் தெரியணும்.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. யாரு அனுப்புனாங்க உங்கள? பெங்களூர்ல இருந்து வர்றேன், ஹென்றி மாஸ்டரப் பத்திப் புஸ்தகம் எழுதறேன்னு சொல்றீங்க. சரி. மாரிகுப்பம் டிரெயின் புடிச்சு வந்து இறங்கி, ஆட்டோ ஏறி, இத்தன வீடு இருக்கிற லைன்ல நேரா வந்து அருளப்பன் கதவத் தட்டறீங்கன்னா, யாரோ வழி சொல்லித்தான அனுப்பியிருக்கணும். மாஸ்டர் பொண்ணு பியூலாவா? நெனச்சேன். அந்தப் பொண்ணு கோயில்ல என்னப் பாத்தா தலைய ஆட்டும், அவ்வளவுதான். ஒரு நாள் இந்த வாசப்படி மிதிச்சதில்ல. இப்ப ஆள் அனுப்புதுன்னா சும்மா இருக்காது.

அந்தப் போனு நம்ம பேசறத எடுத்துக்கினு இருக்கா? இல்லையா? அப்ப கவுத்து வைங்க. மேல இந்த டம்ளரயும் கவுத்துடறேன். எதுக்கும் இருக்கட்டும்.

ரெஜினா, டீ போடும்மா. சக்கரை கேட்டுக்கினு போடு. என் வீட்டுக்காரி சார். கல்யாணம் ஆகி அறுபத்துமூணு வருஷம் ஆச்சு. அவ நடுவுல ஏதாவது சொன்னா காதுல வாங்காதீங்க. அவ ஹென்றி மாஸ்டர் கட்சி.

அந்த ஆளுக்கு நூறு வயசு ஆகுதாமே, விழா எடுக்கறாங்களாமே. ஆளு போயி இருபத்தேழு வருஷம் ஆச்சு. எடுக்கட்டும், நான் வேணாங்கல. ஹென்றி மாசிலாமணி மாதிரி ஒருத்தன் இந்தத் தங்க வயலுக்கு முன்னாடியும் வந்ததில்ல, அப்பாலயும் வரல. இத நானே சொல்றேன், எழுதிக்கங்க. அருளப்பன் பொறாமையில பேசறான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது.

அப்பல்லாம் கிளப்புல சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டீ டான்ஸு. வெள்ளைக்காரங்க பாதிப் பேரு கப்பல் ஏறிட்டாங்க, மீதிப் பேரும், சட்டைக்காரங்கன்னு நாங்க சொல்ற ஆங்கிலோ இந்தியங்களும் வருவாங்க. நாங்க ஒம்பது பேரு. மூணு சாக்ஸபோன், ரெண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், பியானோ, பேஸ், டிரம்ஸு. ஸ்விங்குன்னு அந்த மியூசிக்குக்குப் பேரு. தாளம் நேரா நடக்காது, லேசா நொண்டிக்கினு ஓடும். கேக்கறவன் தோளு அவனக் கேக்காமயே ஆடும். மாஸ்டர் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, தொப்பி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். பாடுவான், ஆடுவான், துரைசானிங்ககிட்ட இங்கிலீஷ்ல சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், திரும்பி எங்களப் பாத்துத் தமிழ்ல அவங்களையே கிண்டல் பண்ணுவான். அவங்க அதுக்கும் சேத்துக் கைதட்டுவாங்க.

கிளப்புக்குள்ள நம்ம ஜனங்கள விடமாட்டாங்க. அதனால கிறிஸ்மஸுக்கு மறுநாள் மைதானத்துல ஊருக்குன்னு தனியா வாசிப்போம். அதுல ஏழாம் நம்பர் வாசிக்காம ஜனம் எழுந்திருக்காது.

எங்க பேண்ட்ல பாட்டுக்குப் பேரு கிடையாது சார், நம்பர்தான். மாஸ்டர் நோட்ஸ் எழுதற பேப்பர்ல மேல இருக்கிற பேரக் கத்தரியால வெட்டி எறிஞ்சிட்டு நம்பர் போட்டுடுவான். வேற பேண்ட்காரன் எவனாவது தூக்கிக்கினு போனாலும் என்னா பாட்டுன்னு அவனுக்குத் தெரியக் கூடாதாம். அவ்ளோ சந்தேகம் புடிச்ச ஆளு. எனக்கு இந்த சந்தேகப்படற ஆளுங்களக் கண்டாலே ஆவாது.

ரெஜினா, அங்க என்னா சிரிப்பு?

ஏழாம் நம்பர் மாஸ்டரே கட்டுன பாட்டு. சுரங்கத்துக்குள்ள ஆள இறக்கற கூண்டு இருக்குதில்ல, அது கீழ போறதுதான் பாட்டு. டிரம்பெட் ஒவ்வொரு படியா இறங்கும். இறங்க இறங்க மாஸ்டரும் மேடையில குந்திக்கினே போவான். ஜனமும் குந்தும். கடைசியில தரைய முட்டற மாதிரி எல்லாரும் உக்காந்திருக்க, பேண்டு கப்புன்னு நிக்கும். ஒரு நோட் வரும், ஒரே நோட், நீட்டா. கூண்டு நின்னுடுச்சுன்னு அர்த்தம். அந்த நோட்டுல எல்லாரும் ஹோன்னு எழுந்து குதிப்பாங்க. இன்னிக்கும் பாருங்க, இந்த ஊர்க் கல்யாணத்துல அத வாசிச்சா மாப்பிள்ள, பொண்ணு, ஃபாதர் எல்லாரும் குந்தி எழுந்திருக்கறாங்க. சுரங்கத்த மூடி எத்தன வருஷம் ஆச்சு, கூண்டையே பாக்காத பசங்க குந்துதுங்க.

அந்த ஒத்த நோட் யாருது தெரியுமா? என்னுது. ஏழாம் நம்பர்ல கூண்ட நிறுத்துனவன் நான். பேரு மட்டும் அவனுக்கு. இத எழுதுவீங்களா? எழுதமாட்டீங்க. பியூலா கோடு போட்டு அடிச்சுடும்.

டீ வந்துடுச்சு, குடிங்க. சூடு பாத்துக் குடிங்க.

நான் பதினெட்டு வயசுல சேந்தேன். பகல்ல வொர்க்‌ஷாப்புல ஃபிட்டரு, சாயங்காலம் டிரம்பெட். மாஸ்டர் ஃபர்ஸ்ட் டிரம்பெட், நான் செகண்ட். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்தோம், முட்டி முட்டியத் தொடும். அந்தப் பதினோரு வருஷத்துல அந்த ஆளு விரல் எப்படிப் போவுதுன்னு நான் ஒரு தடவ பாத்ததில்ல. நம்புவீங்களா? வாசிக்க எடுத்தா கோட்டுப் பாக்கெட்டுல இருந்து பெரிய வெள்ளைக் கைக்குட்டைய எடுத்து வலது கை மேல போட்டுக்குவான். மூடிக்கினு வாசிப்பான். பாக்கறவங்களுக்கு அது ஸ்டைலு. எனக்குத் தெரியாதா? எவனும் வித்தையத் திருடிடக் கூடாதுன்னு மறைக்கறான். எவன் திருடப் போறான்? பக்கத்துல உக்காந்திருக்கறது நான்தான. அப்ப திருடன் யாரு? நான்தான்னு சொல்லாம சொல்றான்.

கைக்குட்டையோட போச்சுன்னா பரவால்ல. கையுறையக் கழட்டமாட்டான். கிளப்புல எங்களுக்குப் பின்னாடி ரூம்ல பிரியாணி போடுவாங்க. நாங்கல்லாம் கையால பிசைஞ்சு சாப்புடுவோம். இவன் உறையோட இடது கையில ஸ்பூன் புடிச்சு சாப்புடுவான். துரையாமா. அதவிட ஒண்ணு சொல்றேன். எனக்கு எது குடுத்தாலும் இடது கையாலதான் குடுப்பான். நோட்ஸ் குடுத்தா இடது கை. கிறிஸ்மஸ் கேக் குடுத்தா இடது கை. என் கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல வந்து, அத்தன பேர் முன்னாடி, இடது கையால என் கையப் புடிச்சுக் குலுக்கறான். என் மாமனார் முகம் சுருங்கிப் போச்சு. அந்த அவமானத்த நான் மறக்கல.

ஆனா என் வயித்தெரிச்சல் அதுல இல்ல சார். எனக்குன்னு அவன் எழுதிக் குடுத்த நோட்ஸ் புஸ்தகத்துல.

டிரம்பெட் பாத்திருக்கீங்களா கிட்ட வச்சு? மூணு வால்வு இருக்கும். ஆள்காட்டி விரலுக்கு ஒண்ணு, நடு விரலுக்கு ஒண்ணு, மோதிர விரலுக்கு ஒண்ணு. எத அமுக்கறமோ அதுக்கேத்த நோட் வரும். எல்லா பேண்ட்லயும் செகண்ட் டிரம்பெட்னா, ஃபர்ஸ்ட் மேல வாசிக்கும்போது கூடவே கீழ வாசிக்கணும். அண்ணன் தம்பி மாதிரி சேந்து போவணும். எனக்கு அவன் எழுதிக் குடுத்தது அப்படி இல்ல. அவன் வாசிச்சுக்கினு போவான், நடுவுல ஒரு நோட் நான். மறுபடி அவன், மறுபடி ஒரு நோட் நான். சில இடத்துல ரெண்டு. சோத்துல கல்லு மாதிரி. அவன் விட்ட இடத்துல நான் சரியா உழுவணும், ஒரு இம்மி தள்ளுனாலும் அசிங்கமாயிடும். கேக்கறவனுக்கு ரெண்டு பேரு வாசிக்கறாங்கன்னே தெரியாது. ஒரே ஆள் வாசிக்கற மாதிரி இருக்கும். அதுதான அவனுக்கு வேணும்?

இன்னொரு சூழ்ச்சி கேளுங்க. எனக்குக் குடுத்த நோட்டெல்லாம் நடு வால்வு நோட். பக்கத்து விரல் சேர்ற இடம் இருக்கு, ஆனா நடு விரல் இல்லாம ஒரு நோட் கிடையாது. முப்பத்தெட்டு பாட்டு, பக்கம் பக்கமாத் திருப்பிப் பாத்திருக்கேன். ஏன் அப்படி எழுதுனான்? என் மத்த விரலுங்க துருப்புடிக்கணும். நான் தனியா ஒரு பாட்டு முழுசா வாசிக்கத் தெரியாத ஆளா ஆயிடணும். வேற பேண்ட்ல போயி சேர முடியாது பாருங்க. அவ்ளோ கணக்குப் போட்டு எழுதியிருக்கான். இதக் கண்டுபுடிச்சவன் நான் ஒருத்தன்தான். மத்த ஏழு பேருக்கும் அந்த புத்தி இல்ல.

அறுபத்திரண்டுல பம்பாயில இருந்து ஒரு ஆளு வந்தான். பிண்டோன்னு பேரு. அங்க ஒரு பெரிய ஹோட்டல்ல பேண்ட் நடத்த ஆள் தேடிக்கினு ஊர் ஊராப் போறான். மாஸ்டர் பேரக் கேட்டுட்டு இங்க வந்துட்டான். ஞாயித்துக்கிழமை டீ டான்ஸுல வாசிக்கக் கேட்டு முடிவு சொல்றேன்னான். ஊரே பேசுச்சு. ஹென்றி மாஸ்டர் பம்பாய் போறாரு, ரேடியோவுல வருவாரு, சினிமாவுல வருவாருன்னு.

முந்தின நாள் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தான். ஆமா, வந்தான். இதோ நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னான். ரெஜினாவுக்கு அப்ப கல்யாணம் ஆன புதுசு, அவளும் கேட்டா.

"அருளு, பம்பாய்க்குப் போனா நாம ரெண்டு பேருமாத்தான் போறோம். மத்தவங்கள அவன் அங்கயே பாத்துக்குவான். நீ இல்லாம நான் போவமாட்டேன், அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

சொல்லிட்டுப் போயிட்டான். இவ உடனே, எவ்ளோ பெரிய மனசுன்னு கண்ணுல தண்ணி வுடறா. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். ஒம்பது பேர்ல என்ன மட்டும் ஏன்? சாக்ஸபோன் குப்புசாமி என்னவிடப் பத்து மடங்கு நல்லா வாசிப்பான், அவன ஏன் கூப்புடல? என் மேல அவ்ளோ பாசமா? பாசம் இருக்கறவன் இடது கையால கேக் குடுப்பானா? அங்கயும் நான் அவனுக்குச் சோத்துல கல்லா கெடக்கணும், பம்பாய்லயும் எவனுக்கும் தெரியாம அவன் பாட்டுக்கு ஒட்டுப் போடணும். அதான் விஷயம்.

சரி, பாத்துடலாம்னு முடிவு பண்ணேன். நான் இல்லன்னா என்னா ஆவுதுன்னு ஒரு நாள் அவனும் பாக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை நாலு மணி. பிண்டோ முன்வரிசையில உக்காந்துக்கினு கட்லெட் சாப்புடறான். மாஸ்டர் தொப்பியச் சாய்ச்சுக்கினு வந்தான், ரெண்டு ஜோக்கு சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க. ஏழாம் நம்பர்னு எங்களப் பாத்து விரல் காட்டுனான், இடது கையில அஞ்சு, அப்பால ரெண்டு. ஆரம்பிச்சோம். நான் டிரம்பெட்ட உதட்டுல வச்சுக்கினேன். ஊதல. ஒரு நோட் கூட ஊதல சார்.

பாட்டு பல்லு போன வாய் மாதிரி ஆயிடுச்சு. அங்கங்க ஓட்டை. மாஸ்டர் மொத ஓட்டையில என்னத் திரும்பிப் பாத்தான். ரெண்டாவதுலயும் பாத்தான். அப்பால பாக்கல. அவன் பாட்டுக்கு வாசிச்சுக்கினே போனான், நெத்தியில வேர்வை ஓடுது. கடைசியில எல்லாரும் குந்திட்டாங்க. பேண்ட் நின்னுச்சு. கூண்டு நிக்கற நோட் வரணும். வரல. ஜனம் குந்துனபடியே இருக்கு, எழுந்திருக்கறதா வேணாமான்னு தெரியாம ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. பிண்டோ தட்டுல இருக்கிற கட்லெட்டயே பாத்துக்கினு இருந்தான். அஞ்சே முக்கா டிரெயினுக்குப் போயிட்டான்.

எனக்கு உள்ளுக்குள்ள என்னா சந்தோஷம்ன்றீங்க. நாலு வருஷம், அஞ்சு வருஷம் சேத்து வச்சது. மாஸ்டர் வந்து சட்டையப் புடிப்பான், நான் நாலு வார்த்தை கேட்டுடலாம்னு காத்துக்கினு இருந்தேன். இடது கை விஷயம், கைக்குட்டை விஷயம், எல்லாத்தையும் வரிசையா மனசுல அடுக்கி வச்சிருந்தேன். அவன் டிரம்பெட்டத் தொடச்சுப் பெட்டியில வச்சான். என் பக்கத்துல வந்து நின்னான்.

"கை ஏதாவது வலிக்குதாடா, அருளு?"

அவ்ளோதான் கேட்டான். எவ்ளோ நக்கல் பாருங்க. நான் வேணும்னே வாசிக்கலன்னு தெரிஞ்சுக்கினு, கை வலியான்னு கேக்கறான். நான் பதில் சொல்லல. மூஞ்சியத் திருப்பிக்கினேன். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லல.

அப்பால அஞ்சு வருஷம் வாசிச்சோம். அதப் பத்தி ஒரு பேச்சு எடுக்கல அவன். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். தப்பு தன் மேல இல்லன்னா ஒரு மனுஷன் கேக்கமாட்டானா? அறுபத்தேழுல நான் விட்டுட்டேன். விட்டதும் என்னா ஆச்சு தெரியுமா? இத எழுதிக்கங்க. நான் போனதும் அவன் டிரம்பெட்டையே கீழ வச்சுட்டான். உதடு போயிடுச்சுன்னு ஊர்ல சொல்லிக்கினான். நாப்பத்திரண்டு வயசுல உதடு போவுமா? அதுக்கப்புறம் கையில ஒரு குச்சி, பேண்ட் நடத்தறதோட சரி. பாட்டு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சான், வாயாலயே பாடிப் பாடிச் சொல்லிக் குடுப்பான். முப்பது வருஷம். கோடம்பாக்கத்துல ரெக்கார்டிங்ல வாசிச்சவன், பெங்களூர்ல கல்யாண பேண்ட் வச்சிருக்கறவன், மிலிட்டரி பேண்ட்ல இருக்கறவன், எல்லாம் அவன் கை வச்சுத் தட்டி எழுப்புனதுங்க. அதுங்க பூரா கைக்குட்டை போட்டுக்கினுதான் வாசிக்குதுங்க. இந்த ஊர் டிரம்பெட்காரன எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சுடலாம், வலது கை மேல வெள்ளைத் துணி. ஏன்டா போடறன்னு கேட்டா, ஹென்றி மாஸ்டர் ஸ்டைலுன்றான். மறைக்க என்ன வித்தை இருக்கு அவன்கிட்ட? ஒண்ணும் இல்ல. மூடிக்கினு வாசிக்கறான்.

சரி, இப்ப சொல்லுங்க. பியூலாவுக்கு என்னா வேணும் என்கிட்ட?

என் புஸ்தகமா. செகண்ட் டிரம்பெட் புஸ்தகம். பாத்தீங்களா, நெனச்சேன். அது பீரோவுல போர்வைக்கு அடியில பத்திரமா இருக்கு. குடுக்கமாட்டேன். அது என் கையில இருக்கறவரைக்கும்தான் அந்த ஒத்த நோட் என்னுதுன்னு சாட்சி. குடுத்தா கிழிச்சுப் போட்டுட்டு எல்லாம் அப்பாவே வாசிச்சாருன்னு சொல்லும் அந்தப் பொண்ணு.

என்னா? மாஸ்டர் புஸ்தகம் அதுங்ககிட்ட இருக்குதா? பெங்களூர்ல ஒரு பொண்ணு விழாவுக்குன்னு அத வாசிக்கப் பாத்துச்சா? சரி. வாசிக்க முடியலயா? முடியாதே. என்னது, ஜெராக்ஸா? காட்டுங்க.

கையெழுத்து அவனுதுதான். இது ஏழாம் நம்பர். ஆமா, இப்படித்தான் இறங்கும். இங்க ஓட்டை. இங்க ஓட்டை. அவன் வாசிக்காத இடத்துல காலியா விட்டிருக்கான், சரிதான், அது நான் வாசிக்கற இடம். இது என்னா, ஒவ்வொரு ஓட்டையிலயும் சின்னதா ஒரு எழுத்து? 'அ'. இங்கயும் 'அ'. இங்கயும். அருளப்பன்னு அடையாளம் போட்டு வச்சிருக்கான். நான் எங்கெங்க தப்பு பண்றேன்னு குறிச்சிருப்பான். அந்த மாதிரி ஆளுதான். எத்தன 'அ' பாருங்க, பக்கம் பூரா.

வேற என்னா இருக்கு அந்தக் கவருல? போட்டோவா. மங்கலா இருக்கே. ரெஜினா, என் கண்ணாடிய எடு. இது மாஸ்டர் வீட்டு வாசல். மாஸ்டர் பனியனோட உக்காந்திருக்கான். இந்த ஆள பனியன்ல நான் பாத்ததே இல்ல. மடியில குழந்தை, பியூலாவோட குழந்தையா? வயசாயிட்டான். கையுறை இல்ல. குழந்தை வயித்து மேல கைய வச்சிருக்கான், வலது கைய.

இருங்க.

இது ஒட்டு வேலை இல்லையே? இப்பல்லாம் போன்லயே தலைய மாத்திடறானுங்க. சத்தியமா சொல்லுங்க, பழைய போட்டோதானா? ரெஜினா, இங்க வா. உனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, நீ பாரு. இந்தக் கையில விரல எண்ணு. கட்டை விரலச் சேத்து எண்ணு.

நாலா.

நடு விரல் இல்ல.

பியூலா சொல்லுச்சா உங்ககிட்ட? பதினாறு வயசுலயா. கோயமுத்தூர் பக்கம் ஏதோ பஞ்சாலையில, மெஷின் பெல்ட்டுல சிக்கி. அடியோட போச்சு. உறைக்குள்ள அந்த விரல்ல பஞ்சு வச்சுத் தச்சுக்குவாரு, அம்மாதான் தச்சுக் குடுக்கும்ன்னுச்சா. விரல் இல்லாதவன துரைசானிங்க முன்னாடி மேடையில நிறுத்தமாட்டாங்கன்னு பயம். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப நூறு வருஷம் ஆவுதேன்னுதான் பியூலா சொல்லுது.

ரெண்டு விரலு. ஒண்ணும் மூணும். ரெண்டே வால்வ வச்சுக்கினு அந்த ஆளு... நடு வால்வு வர்ற இடமெல்லாம்...

கொஞ்சம் தண்ணி குடும்மா.

பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்தேன் தம்பி. முட்டி முட்டியத் தொட உக்காந்தேன். என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. டேய் அருளு, எனக்கு இந்த விரல் இல்லடா, நீ போட்டுக்கடான்னு. சொல்லியிருந்தா நான் என்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

என்னா சொல்ற ரெஜினா? சத்தமாச் சொல்லு.

"உங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கு சாயங்காலமே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

ஆமா. தெரிஞ்சிருக்கும். எனக்கு வொர்க்‌ஷாப்புல ஒரு கோவம் வந்தா போதும், எவன்கிட்டயாவது சொல்லியிருப்பேன். விரல் இல்லாத பய, எனக்கு மேல உக்காந்து வாசிக்கறான்னு சொல்லியிருப்பேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என் பக்கத்துலதான் உக்காந்தாரு.

நீ இல்லாம போவமாட்டேன்னு இங்க நின்னு சொன்னாரே. போவமாட்டேன் இல்ல. போவ முடியாது. பம்பாய்ல இந்த மாதிரி ஒட்ட வேற எவன் இருக்கான்? நான் அந்த ஆளோட விரல அன்னிக்கு மடக்கிக்கினேன் தம்பி. அத்தன பேர் முன்னாடி. அதுக்கப்புறம் பேண்டையும் விட்டேன், அவரு டிரம்பெட்டக் கீழ வச்சாரு. அவரு உதடு போவல. நான்தான் போயிட்டேன்.

அவர் சாவுக்குப் போனேன். கோயில்ல கடைசி வரிசையில நின்னேன். எல்லாரும் பெட்டிக்கிட்ட போயி கையத் தொட்டுட்டு வந்தாங்க, நான் போவல. கிட்டப் போனா கூட இடது கைய வெளிய வச்சிருப்பான்னு ரெஜினாகிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்காடி உனக்கு? சொன்னேனே.

ரெஜினா, பீரோவத் தொற. போர்வைக்கு அடியில பிளாஸ்டிக் கவரு. அதக் கொண்டா.

இந்தாங்க தம்பி. ரெண்டு கையாலயும் வாங்குங்க. அந்த பெங்களூர்ப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, என் பாகத்த வாசிக்கறவங்க ஓட்டைக்குள்ள தாமதமா உழக் கூடாது, அவரு விடறதுக்கு முன்னாடியே மூச்சு எடுத்து வச்சுக்கணும். தனியா ஒரு ஆள் வாசிக்கறது இல்ல இது. ரெண்டு பேர் வேணும். எனக்குப் பல்லு இல்ல, ஊத முடியாது. ஊத ஒரு ஆளப் பாத்து வைக்கச் சொல்லுங்க, நான் பக்கத்துல உக்காந்து எங்க உழணும்னு முட்டியத் தட்டறேன். விழா இங்க, ஞாயித்துக்கிழமை நாலு மணிதான? வர்றேன். பியூலா ஆட்டோ அனுப்ப வேணாம், நானே வர்றேன்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. அந்த டம்ளர எடுத்துடுங்க. போன நிமித்தி வைங்க. பேசறத எடுக்கறதுக்கு எத அமுக்கணுமோ அமுக்குங்க. எடுக்குதா? செவப்பா தெரியுதே, அதுதானா? சரி. இத மட்டும் எடுத்துக்கங்க, மத்தது எதுவும் வேணாம். புஸ்தகத்துலயும் இதப் போடுங்க. பியூலாவுக்கும் போட்டுக் காட்டுங்க.

இல்ல மாஸ்டர். கை வலிக்கல. வேணும்னேதான் வாசிக்காம இருந்தேன்.